மணமாலையும் நுழைவுச்சீட்டும்

“உன் மனைவி முகத்தில் தடவிக்கொள்ளும் பூச்சின் பெயர் என்ன?”

கேட்பவர் மாமனுமல்லர், மைத்துனருமல்லர், அரசாங்க அதிகாரி. கேட்கப்படுபவன் குற்றவாளிக் கூண்டில் நிற்பவனல்லன். புதிதாக மணமான கணவன். வேறோர் அறையில் அவன் மனைவி அமர்ந்திருக்கிறாள். அவளிடமும் கேள்விகள் தொடுக்கப்படுகின்றன. இருவர் விடையும் ஒத்துப்போனால் அது திருமணம். ஒத்துப்போகாவிட்டால் அது மோசடி!

‘கிரீன் கார்டு’ என்ற திரைப்படத்தில் வரும் காட்சி இது. படம் பார்ப்போர் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் சிந்தனை பிறந்தது. பள்ளியிலே தேர்வு நடத்திப் பழகியவன் நான். எந்த விடை மனப்பாடம், எந்த விடை உள்ளத்தில் தோய்ந்து வந்தது என்று கண்டறிய, ஆண்டு முழுதும் மாணவனோடு பழகும் ஆசிரியனே திணறுகிறான். அரை மணி நேரத்திலே இரு மனங்களின் உறவை அளந்து முடிக்க ஓர் அதிகாரியால் ஆகுமா? எந்தக் கோல் கொண்டு அளப்பார்? எந்தப் படி கொண்டு முகப்பார்?

குடிமகனை மணப்பதன் மூலம் நாட்டிலே தங்கும் உரிமை பெறுவது என்பதை வைத்து மேலைநாட்டார் பல படங்கள் எடுத்திருக்கிறார்கள். அவற்றுள் மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். 1941ல் வந்தது ஒன்று. 1990ல் வந்தது ஒன்று. 2009ல் வந்தது மற்றொன்று. மூன்றும் அமெரிக்கப் பின்னணி கொண்டவை. மூன்றும் காதலில் முடிகின்றன. அந்த முடிவிலேதான் எனக்கு வழக்கு இருக்கிறது.

படங்களுக்குள் நுழையுமுன், அவற்றின் பின்னே நிற்கும் கதவைப் பார்த்துவிடுவோம்.

1924ல் அமெரிக்கா இயற்றிய குடியேற்றச் சட்டம், நாடுவாரியாக ஆண்டுக்கு இத்தனை பேர் என்று அளந்து கதவைத் திறந்தது. வட ஐரோப்பியருக்கு அகலத் திறந்த கதவு, தென் ஐரோப்பியருக்கும் கிழக்கு ஐரோப்பியருக்கும் ஒரு கீற்றளவே திறந்தது. இந்தியர் உள்ளிட்ட ஆசியருக்கோ ஏறத்தாழ அடியோடு சாத்தப்பட்டது. அந்தப் பிறப்புவழிக் கணக்கு 1965ல் நீக்கப்பட்டது. ஆனால் வரிசை நீங்கவில்லை. வேலைவாய்ப்பு வழியே நிரந்தரக் குடியிருப்புரிமை கேட்போரில், எந்த ஒரு நாட்டினரும் நூற்றுக்கு 7 பங்குக்கு மேல் பெறலாகாது என்பது பொதுவிதி. அதனால்தான் இந்தியாவிலிருந்து சென்ற பொறியாளர் பலர் பத்தாண்டுக்கும் மேலாகக் காத்துக்கிடக்கிறார்கள். குடிமகனின் மனைவிக்கும் குடிமகளின் கணவனுக்கும் மட்டும் இந்த எண்ணிக்கை வரம்பு இல்லை. வரிசை எவ்வளவு நீளமோ, அவ்வளவு கவர்ச்சி அந்தப் பக்கவழிக்கு! மனிதன் ஏன் பொய்ம்மணம் புரிகிறான் என்று கேட்பவர், முன்வாயில் ஏன் அடைக்கப்பட்டது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டாமா?

இன்னொன்றையும் மறத்தலாகாது. திருமணத்தையும் குடியுரிமையையும் முடிச்சுப்போட்ட சட்டம் தொடக்கமுதலே ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி என்றுதான் நடந்திருக்கிறது. அந்நியனை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையையே இழப்பாள் என்றது 1907ஆம் ஆண்டுச் சட்டம். அந்நியப் பெண்ணை மணந்த ஆணுக்கு அந்த இழப்பு இல்லை! 1922ல் வந்த கேபிள் சட்டம் இந்த அநீதியிற் பெரும்பகுதியைத் துடைத்தது. ஆயினும், குடியுரிமைக்கே தகுதியற்றோர் என ஒதுக்கப்பட்ட ஆசியரை மணந்தவளுக்கு 1931 வரை விமோசனம் கிட்டவில்லை. 1923ல் பகத்சிங் திந்த் வழக்கிலே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இந்தியரையும் அந்த ஒதுக்கப்பட்டோர் வரிசையில் நிறுத்தியது. நம்மவர் ஒருவரை விரும்பி மணந்த குற்றத்துக்காகத் தன் நாட்டிலேயே நாடற்றவளாக நின்ற பெண்கள் அங்கே இருந்தார்கள். மணமாலை சிலருக்கு நுழைவுச்சீட்டானது. சிலருக்கு நாடுகடத்தும் ஆணையே ஆனது.

இந்தப் பின்னணியோடு முதற் படத்துக்கு வருவோம்.

‘ஹோல்ட் பேக் தி டான்’ 1941ல் வந்தது. சார்லஸ் பிராக்கெட்டும் பில்லி வைல்டரும் திரைக்கதை எழுத, மிட்செல் லைசன் இயக்கினார். மெக்சிகோ நாட்டின் எல்லையூர் ஒன்று கதைக்களம். ருமேனியாவிலே பிறந்த ஜார்ஜ் இஸ்கோவெஸ்கு, செல்வப் பெண்களின் தயவில் வாழ்ந்து பழகியவன், அமெரிக்காவுக்குள் நுழைய வந்து நிற்கிறான். ருமேனியருக்குரிய ஒதுக்கீட்டிலே இடம் வர ஐந்திலிருந்து எட்டாண்டு ஆகும் என்கிறார் அதிகாரி. எல்லையூர் விடுதியிலே அறை இல்லை, எங்கும் அகதிகள். பிறகு ஓர் அறை கிடைக்கிறது. எப்படிக் கிடைத்தது? அதிலே தங்கியிருந்தவன் காத்திருந்து காத்திருந்து மனமொடிந்து தூக்கிட்டுக்கொண்டான்! ஒருவன் சாவு மற்றொருவனுக்கு இடமாகிறது. வரிசை என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தக் கட்டுரையும் சொல்லிவிட முடியாது.

ஜார்ஜின் பழைய நடனத்தோழி வழிகாட்டுகிறாள். அவள் ஓர் அமெரிக்கக் குதிரைப்பந்தய வீரனை மணந்தாள், உள்ளே நுழைந்தாள், உதறிவிட்டாள். அவ்வளவுதான். அமெரிக்காவின் விடுதலை நாளன்று மாணவச் சிறுவர்களை உல்லாசப் பயணம் அழைத்துவருகிறாள் எம்மி பிரவுன் என்ற பள்ளி ஆசிரியை. ஒலிவியா டி ஹாவிலண்ட் அந்த வேடத்தில் வாழ்ந்திருக்கிறார். அவளது வண்டி பழுதாகிறது. பழுது நீக்கவேண்டிய உறுப்பை ஜார்ஜ் ஒளித்துவைக்கிறான். இரவோடு இரவாகக் காதல் வசனம். கடன் வாங்கிய மோதிரம். விடிந்ததும் திருமணம்.

இங்கேதான் படம் உயர்ந்து நிற்கிறது. ஏமாற்றுக்காரனின் சாமர்த்தியத்தைக் கண்டு கைதட்டச் சொல்லவில்லை. ஏமாற்றப்பட்டவளின் முகத்தைக் காட்டுகிறது. எளியவள், தன்னையும் ஒருவன் விரும்பினான் என்று மகிழ்ந்தவள், ஒரு நாட்டின் கதவைத் திறக்கும் திறவுகோலாகத்தான் தான் பயன்பட்டோம் என்பதைப் பிறகே அறிகிறாள். “காகிதக் கல்யாணம்தானே, யாருக்கு என்ன கேடு?” என்று கேட்போர் எம்மியின் முகத்தை ஒருமுறை பார்க்கட்டும். பொய்ம்மணத்தால் புண்படுவது அரசாங்கமன்று, நம்பியவள் நெஞ்சம்.

அதன்பின் நடப்பது இன்னும் பெரியது. மோசடியைத் துப்புத்துலக்க வந்த அதிகாரி எம்மியைக் கேட்கிறார். அவள் ஒரு சொல் சொன்னால் போதும். ஜார்ஜின் கனவு தூள். அவள் சொல்லவில்லை. தெரிந்தேதான் மணந்தேன் என்று கூறி அவனைக் காக்கிறாள். பிறகு அவனை விட்டு அகல்கிறாள். அவனை மன்னித்ததால் அன்று. பழிவாங்கும் கயிறாகத் தன் திருமணத்தை அரசாங்கத்தின் கையிலே கொடுக்க அவள் விரும்பவில்லை. அவளுக்கு அதிகாரம் இருந்தது. அதை அவள் பயன்படுத்தவில்லை. காதலியாகத் தோற்ற எம்மி மனிதராக வென்றாள்.

குறை இல்லையா? உண்டு. பிறகு ஒரு வண்டி விபத்து, எல்லையை மீறி அவன் ஓடிவருதல், மனம் மாறுதல், கண்டிப்பான அதிகாரியே இறுதியிலே கருணை காட்டுதல். கதை முடிச்சை அவிழ்க்க விபத்தைத் துணைக்கழைப்பது நம் நாட்டுப் படங்களுக்கு மட்டும் உரிய நோயன்று என்று ஆறுதல் கொள்ளலாம்!

ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. கதையெழுதிய வைல்டரே நாஜிக் கொடுமைக்குத் தப்பிய யூதர்; 1934ல் மெக்சிகாலி என்ற எல்லையூரிலே நுழைவு அனுமதிக்காகக் காத்திருந்தவர். விடுதியறையிலே ஜார்ஜ் ஒரு கரப்பான்பூச்சியை வழிமறித்து, “உன் அனுமதிச்சீட்டு எங்கே?” என்று அதிகாரியைப் போல மிரட்டுவதாக ஒரு காட்சியை எழுதியிருந்தார். கதைத்தலைவனாக நடித்த சார்லஸ் பாயர் பூச்சியோடு பேசமாட்டேன் என்று மறுத்துவிட, காட்சி நீக்கப்பட்டது. இதை வைல்டர் பின்னாளில் பலமுறை கூறி வருந்தியிருக்கிறார். படத்தின் உயிர்நாடி அந்தக் காட்சியிலேதான் இருந்தது என்பேன். சீட்டு இல்லாதவனைப் பூச்சியாக மதிக்கிறது எல்லை. அவனோ தனக்குக் கீழே ஒரு பூச்சியைத் தேடுகிறான். அவன் எம்மிக்குச் செய்த வஞ்சனைக்கும் வேர் அங்கேதான் கிடக்கிறது.

இனி ‘கிரீன் கார்டு’. ஆஸ்திரேலியரான பீட்டர் வியர் எழுதி, தயாரித்து, இயக்கியது. இங்கே ஏமாற்றுபவர் ஒருவர், ஏமாறுபவர் ஒருவர் என்பதில்லை. இருவரும் பேசிவைத்துக்கொண்டு மணக்கிறார்கள். பிரான்சு நாட்டு ஜார்ஜுக்கு வேண்டியது தங்கும் உரிமை. செடி வளர்ப்பிலே நாட்டமுள்ள பிராண்டிக்கு வேண்டியது கண்ணாடிப் பூங்காவோடு கூடிய ஒரு வீடு. அந்தக் கட்டடத்தாரோ மணமானவர்களுக்கே வீடு தர விரும்புகிறார்கள். அவனுக்கு நாடு, அவளுக்கு வீடு. இருவர் முன்னாலும் ஒரே நிபந்தனை: திருமணம்.

இந்த ஒப்புமை நுட்பமானது. அந்நியனை மட்டுமல்ல, சொந்த நாட்டுக்காரியையும் “நீ தனியாளா, தம்பதியா?” என்று கேட்டுத்தான் சமுதாயம் இடம் தருகிறது என்ற உண்மையை வியர் போகிறபோக்கிலே சொல்லிவிடுகிறார். ஆனால் சொன்னதோடு விட்டுவிடுகிறார். பிராண்டி வீட்டைக் கேட்கும்போது அவளுடைய மணம் உண்மைதானா என்று எந்த அரசும் சோதிக்கவில்லை. வீட்டுக்காகச் சொன்ன பொய் பொய்யாகவே எண்ணப்படவில்லை. நாட்டுக்காகச் சொன்ன அதே பொய் குற்றம்! இந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டு சென்றிருந்தால் படம் எங்கோ போயிருக்கும். அது சென்றதோ, மனப்பாடம் செய்யும் இருவர் மெல்ல மெல்ல மனம் ஒன்றும் இனிய வழிக்கு.

அதிகாரிகள் குறித்த நாளுக்கு முன், ஒருவர் பழக்கவழக்கங்களை ஒருவர் பாடமாகப் படிக்கிறார்கள். போகாத ஊர்களுக்குப் போனதாக வீட்டு மாடியிலேயே படம் எடுத்துக்கொள்கிறார்கள். தேர்விலே ஜார்ஜ் நன்றாகவே விடையளிக்கிறான். முகப்பூச்சின் பெயரிலே மட்டும் வழுக்கிவிடுகிறான்; மனப்பாடம் வெளிப்பட்டுவிடுகிறது. அந்த நேரத்திலோ அவன் அவளை உண்மையாகவே நேசிக்கத் தொடங்கிவிட்டான்! பொய்யாக இருந்தபோது தேறியிருக்கக் கூடியவன், மெய்யானபோது தோற்றான். படத்தின் மிகச் சிறந்த நகைச்சுவை இதுதான்; மிகச் சிறந்த கண்டனமும் இதுதான். முகப்பூச்சின் பெயரறியாக் கணவர் கோடி; அதனால் அவர்கள் மணம் பொய்யாகிவிடுமா? பெயரறிந்த கணவரெல்லாம் நேர்மையாளரா?

மூன்றாவது, ஆன் ஃபிளெட்சர் இயக்கிய ‘தி புரபோசல்’. இதை விரைந்து கடக்கலாம். கனடா நாட்டவளான பதிப்பக மேலாளர், நாட்டைவிட்டு வெளியேற நேருமென்றதும், தன் உதவியாளனை மிரட்டி மணத்துக்கு இசைய வைக்கிறாள். “மறுத்தால் உன் வேலை போகும்” என்பதே அவள் காதல் மொழி! மேலாளராக ஓர் ஆணையும் உதவியாளராக ஒரு பெண்ணையும் வைத்து இக்கதையை நினைத்துப் பாருங்கள். சிரிப்பு வருமா? 5 ஆண்டுச் சிறை, 250,000 டாலர் தண்டம் என்று அதிகாரி எச்சரிப்பதை மட்டும் படம் உள்ளபடி சொல்கிறது. அது சட்டத்திலே உள்ளதுதான். மற்றபடி, அலாஸ்காவின் அழகும் பாட்டியின் குறும்பும் சேர்ந்து, ஒருவர் பிழைப்பு மற்றொருவர் கையில் சிக்கியிருக்கும் கொடுமையை மறைத்துவிடுகின்றன. மணமேடையிலே அவள் உண்மையை ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்றே நேர்மையானது.

மூன்று படங்களையும் ஒருசேரப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. “இந்தத் திருமணம் மெய்யா, பொய்யா?” என்று அரசு கேட்கிறது. படங்கள், “முதலிலே பொய், இப்போது மெய், ஏனெனில் காதல் மலர்ந்துவிட்டது” என்று விடையளிக்கின்றன. அரசின் கேள்வியையே படங்களும் ஏற்றுக்கொண்டுவிட்டன! மெய்யான மணத்திற்குள்ளே என்ன நடக்கிறது என்று எவரும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். 1986ல் அமெரிக்கா திருமண மோசடித் தடைச் சட்டத்தை இயற்றியது. மணமாகி ஈராண்டு நிறையுமுன் உரிமை பெறுபவருக்கு, அது ஈராண்டு நிபந்தனைக்குட்பட்ட உரிமையே. கெடு முடிவதற்கு முந்திய 90 நாட்களுக்குள், கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட்டு விண்ணப்பிக்க வேண்டும். மோசடியைத் தடுக்க வேண்டாமா என்பீர்கள். வேண்டும்; எம்மிகள் காக்கப்பட வேண்டும். ஆனால் அந்தக் கையெழுத்தின் கனத்தை எண்ணிப் பாருங்கள். “எதிர்த்துப் பேசினால் கையெழுத்துப் போடமாட்டேன்” என்று ஒரு கணவன் சொன்னால், கடல் கடந்து வந்த மனைவி என்ன செய்வாள்? அடி விழுந்தாலும் வாய் திறப்பாளா? தாலி செய்யாத வேலையை அங்கே தாள் செய்துவிடுகிறது!

இது கற்பனையன்று. இந்தக் கொடுமை நடந்ததனால்தான், கொடுமைக்குள்ளான துணைவர் தனித்தே விண்ணப்பிக்க 1990ல் சட்டமே வழி வகுத்தது. கணவன் மனுவே போடாமல் முடக்கிவைத்தாலும் தானே மனுச்செய்யும் உரிமையை, பெண்கள் மீதான வன்முறைக்கெதிரான சட்டம் 1994ல் தந்தது. ‘கிரீன் கார்டு’ படம் வெளிவந்ததும் அதே 1990ல்தான். சட்டமியற்றுவோர் கண்ணில் பட்ட கண்ணீர், கலைஞர் கண்ணில் படவில்லை!

மெய்யான மணத்தையும் பொய்யென்று தள்ளிய கதைகளும் உண்டு. ரிச்சர்டு ஆடம்ஸ் என்ற அமெரிக்கரும் ஆண்டனி சல்லிவன் என்ற ஆஸ்திரேலியரும், ஆண்கள் இருவர், 1975ல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரிலே முறைப்படி உரிமம் பெற்று மணந்தார்கள். சல்லிவனுக்காகக் கொடுத்த மனுவை மறுத்து வந்த அரசாங்கக் கடிதத்திலே, அச்சிலேற்றத் தகாத வசைச்சொல் இருந்தது. 1982ல் நீதிமன்றமும் கைவிட்டது. 2012ல் ஆடம்ஸ் மறைந்தார். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அத்தகைய மணங்களுக்கு வழிதிறந்தது. 2016ல் சல்லிவனுக்கு அந்த அட்டை கிடைத்தது, துணையை இழந்தவர் என்ற நிலையிலே. நாற்பதாண்டு ஒன்றாக வாழ்வதைவிட வேறென்ன சான்று வேண்டும் ஒரு திருமணத்துக்கு?

இது அமெரிக்காவின் தனி நோயுமன்று. பிரிட்டனில், 1979 சனவரியில், மணம் புரிந்துகொள்ள இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய இந்தியப் பெண்ணொருவரை, உண்மையிலேயே மணமாகாதவர்தானா என்றறிய உடற்சோதனைக்கு உள்ளாக்கினார்கள். கன்னித்தன்மைச் சோதனை! அவரும் ஓர் ஆசிரியை. செய்தி வெளிவந்து கண்டனம் வெடித்த பிறகே அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. மணத்தின் முதன்மை நோக்கம் குடியேறுவதன்று என்று மணந்தவரே மெய்ப்பிக்க வேண்டும் என்னும் விதியும் அந்நாட்டிலே 1997 வரை இருந்தது. அதன் சுமை நம் துணைக்கண்டத்துத் தம்பதியர் மீதே பெரிதும் விழுந்தது. முகப்பூச்சின் பெயரைக் கேட்டுச் சிரிக்கவைத்த அதே ஐயம்தான், நிறம் மாறிய உடலைக் கண்டதும் இத்தனை கீழ்மைக்கு இறங்கியது. பிரான்சுக்காரன் ஜார்ஜுக்குக் கிடைத்தது கேள்வி. நம் ஆசிரியைக்குக் கிடைத்தது அவமானம்.

ஆகவே என் தீர்ப்பு இது. மூன்று படங்களுள் ‘ஹோல்ட் பேக் தி டான்’ ஒன்றே இலக்கியத் தகுதி உடையது. அது அடைத்த கதவைக் காட்டியது. அந்தக் கதவின் நிழலிலே மனிதன் எப்படிச் சிறுத்துப்போகிறான் என்று காட்டியது. அதிகாரம் கையிலிருந்தும் அதை வீசி எறிந்த ஒரு பெண்ணைக் காட்டியது. ‘கிரீன் கார்டு’ பாதி வழி வந்து நின்றுவிட்டது. ‘தி புரபோசல்’ புறப்படவே இல்லை.

ஆனால் எழுதப்பட வேண்டிய கதை இம்மூன்றிலும் இல்லை. படம் எங்கே முடிகிறதோ அங்கே அது தொடங்குகிறது. மணம் மெய்தான்; பத்திரம் மெய்தான்; மாலையும் புகைப்படமும் மெய்தான். அதிகாரி மகிழ்ந்து முத்திரை குத்திவிட்டார். அயல்நாட்டு வீட்டிலே, கையெழுத்துப் போடும் நாளை எண்ணிக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசக் கற்றுக்கொண்ட ஒரு பெண் இருக்கிறாள். அவள் கணவன் முகத்திலே தடவும் பூச்சின் பெயர் அவளுக்குத் தெரியும். அவன் கை ஓங்கும் நேரமும் தெரியும். தேர்விலே அவள் நூற்றுக்கு நூறு வாங்குவாள்.

அவள் கதையை எழுத வேண்டும். அமெரிக்க மாப்பிள்ளை என்றதும் விவரம் கேளாது மகளை விமானத்தில் ஏற்றும் வீடுகள் நம்மிடையேயும் உள்ளன. ஆகவே அதை எழுதும் தகுதி நமக்கும் உண்டு. எழுதப் புகும் இளைஞர் ஒன்றை மனத்திற் கொள்ளட்டும். ஒருவரை மற்றொருவர் நினைத்தால் நாட்டைவிட்டே துரத்திவிடலாம் என்ற நிலை இருக்கும்வரை, அங்கே காதல் இருக்கலாம், கனிவு இருக்கலாம், சமத்துவம் இருக்காது. சமத்துவம் இல்லாத மணத்தை, எத்தனை அதிகாரிகள் மெய்யென்று முத்திரையிட்டாலும், நாம் மெய்யென்று ஒப்ப முடியாது.